நிரந்தர நடுவர்

இல்ஃபோர்டில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படி என் சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் சுவிஸ் அண்ணை. சுவிற்சர்லாந்தில் இருந்து லண்டனுக்கு மாறி வந்ததால் அந்தப் பெயர். சொந்தப் பெயரும் ஒன்று இருந்தது. தபால்காரனைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அவரும் மனைவியும் மகளோடு இருக்க எட்மண்டனுக்குப் போய்விட்டார்கள். சுவர் மட்டும் இருக்கிறது.

அவரைப் பற்றி ஒரே வசனத்தில் சொல் என்று கேட்டால், "ரெண்டு பக்கமும் இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அது அவருடைய வசனம்தான். எந்தக் கேள்விக்கும் அவரிடம் அந்த ஒரே பதில் தயாராக இருக்கும்.

"மழை வரப்போகுது, குடை கொண்டு போகேல்லையே அண்ணை?"

"கொண்டு போறதிலை ரெண்டு பக்கமும் இருக்கு, தங்கச்சி. கொண்டு போனா மழை வராது, கை நோகும். விட்டிட்டுப் போனா..."

சொல்லி முடிப்பதற்குள் மழை வந்து தன் தீர்ப்பைத் தலையிலேயே எழுதிவிடும். நனைந்துகொண்டு நின்று மிச்சத்தையும் சொல்லி முடிப்பார்.

தமிழ்க் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு முன்னால் அவர் நின்றால் பின்னால் வரிசை கட்டும். நீளமானதில் சதை கூட, ஆனால் முற்றல். கட்டையானது பிஞ்சு, ஆனால் சதை இல்லை. கடைசியில் கத்தரிக்காயோடு வீட்டுக்குப் போவார். வரவேற்பறைக்குக் கம்பளம் விரிப்பதா, பலகைத் தரையாகவே விடுவதா என்று அவர் யோசிக்கத் தொடங்கியபோது அவருடைய மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அறையின் ஒரு பாதியில் கம்பளம் இருந்தது, மறு பாதியில் பலகை இருந்தது. விருந்தினர் எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தயங்குவார்கள். அவர் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

இதற்கு அவர் சுவிஸைக் காரணம் சொல்வார். அங்கே தெருவிளக்குப் போடுவதற்கும் ஊரைக் கூட்டிக் கை உயர்த்தச் சொல்வார்களாம். இருக்கலாம். ஆனால் கடைசியில் கையை எண்ணி ஒரு முடிவும் சொல்வார்கள்தானே? அந்த இரண்டாம் பாதியை அண்ணை படிக்காமலே விமானம் ஏறிவிட்டார் என்பது என் எண்ணம். லண்டனுக்கு வருவதா வேண்டாமா என்று அவர் அங்கே யோசித்துக்கொண்டு இருக்கும்போதே அக்கா வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டி முடித்துவிட்டாராம்.

அக்கா என்று நான் சொல்வது அவருடைய மனைவியை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஒரு பட்டாளம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற கை. அந்தக் கைக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. "இவரைக் கட்டிறியோ எண்டு கேட்டவை. ஓம் எண்டன். பேந்து இவர் ஓம் எண்டு சொல்லுமட்டும் நான் மூண்டு தையல் வகுப்பு முடிச்சிட்டன்" என்பார்.

அண்ணைக்கு எலி பிடிக்கிற கொம்பனியில் வேலை. பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளின் பின்பக்கம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த ஊரில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்பது இந்த நாட்டில் யாரோ ஊருக்குப் பெயர் வைத்துச் செய்த பகிடி. கொஞ்சக் காலத்தில் கொம்பனிக்காரனுக்கு எசெக்ஸ் பக்கம் தோட்டங்களில் இருந்தும் வேலை வரத் தொடங்கியது. பயிரைத் தின்கிற மான், ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற நரி. அதற்குத் துவக்கு வேண்டும். சுவிஸில் அண்ணை ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் குறி பார்த்துச் சுட்டுப் பழகியவர். அங்கே அது நாங்கள் கரம்போட் விளையாடுவது மாதிரி, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

நாங்கள் எல்லோரும் துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் இந்த நாட்டுக்கு வந்தோம். அகதி விண்ணப்பத்தில் எழுதியதும் அதைத்தான். இந்த மனிதர் பொலிஸிடம் போய், எனக்கு ஒரு துவக்கு வைத்திருக்க அனுமதி தாருங்கள் என்று கேட்டார். தெருவே ஆடிப்போனது. கோயிலில் ஆட்கள் அவரைக் கண்டால் வீட்டுக்குப் போகச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். முதல் மான் விழுந்து, இறைச்சிப் பொதி வீடு வீடாக வந்த பிறகுதான் சனத்துக்குத் துவக்கிலும் நல்ல பக்கம் ஒன்று இருப்பது விளங்கியது. மிளகு கூடப் போட்டுப் பிரட்டினால் ஆட்டிறைச்சி கிட்ட வராது என்று கோயில் ஆட்களே எனக்குச் சொன்னார்கள்.

அனுமதிக்கு அவரைத் தெரிந்தவர்கள் நற்சாட்சி சொல்ல வேண்டும். அதில் ஒருத்தி நான். பொலிஸ்காரர் ஒருவர் வந்து என் சோபாவில் இருந்துகொண்டு மிகவும் பொறுப்பாகக் கேட்டார்: "அவர் அவசரப்பட்டு ஏதாவது செய்துவிடக் கூடியவரா?"

எனக்குத் தேநீர் மூக்கால் வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போய் அந்தக் கம்பளத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரச் சொன்னேன். "வீட்டில் சண்டை பிடிப்பாரா?" என்றும் கேட்டார். சண்டை பிடிப்பதென்றால் ஆள் ஒரு பக்கம் எடுக்க வேண்டுமே, ஐயா. அனுமதி சுகமாகக் கிடைத்தது. இந்தச் சீமையில் துவக்கு வைத்திருக்க அவரைவிடப் பாதுகாப்பான ஆளைப் பொலிஸ் இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

பிரச்சினை துவக்கால் வரவில்லை. அதன் வாயில் பூட்டுகிற சாமானால் வந்தது.

வெடிச் சத்தத்தைக் குறைக்க ஒரு குழாய் உண்டு. நாங்கள் சைலன்சர் என்போம். இங்கே அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதை மொடரேட்டர் என்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று திருகிப் பூட்டிக் கழற்றுவது. மற்றது துவக்கின் குழலோடேயே செய்து, கழற்ற முடியாதபடி நிரந்தரமாகப் பொருத்தியது. ஏதாவது ஒன்றை வாங்கிப் பூட்டு, காது போய்விடும் என்று கொம்பனிக்காரன் முதல் நாளே சொல்லியிருந்தான். இரண்டில் எது என்பதை மட்டும் அண்ணையின் விருப்பத்துக்கு விட்டான். பாவம், அவனுக்கு ஆளைத் தெரியாது.

"பாருங்கோ தங்கச்சி," என்று மதிலுக்கு மேலால் தொடங்குவார். நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டு நிற்பேன். "கழட்டுறதெண்டால் ஒருநாள் சரியாத் திருகாமல் விட்டுட்டா, குண்டு உள்ளுக்கை உரசிப்போட்டுப் போகும். ஆபத்து. நிரந்தரமெண்டால் அந்தக் கவலை இல்லை. தொலையாது. கழட்டுறதுக்குத் தனியா லைசன்ஸிலை எழுதுவிக்க வேணும். ஒட்டினதெண்டால் துவக்கோடை துவக்காப் போயிடும்."

"அப்ப அதை வாங்குங்கோவன்."

"அங்கைதான் விசயம். சுடச்சுட உள்ளுக்கை கரி பிடிக்கும், ஈரம் தங்கும், துருப்பிடிக்கும். கழட்டுறதெண்டால் கழட்டி, துடைச்சு, காய வைக்கலாம். ஒட்டினதை என்ன செய்யிறது? பழுதாப் போனா முழுக் குழலையும் கொண்டு போய்க் குடுத்து வெட்டவேணும். உங்கடை புட்டுக்குழலைப் பானையோடை சேத்து ஒட்டிவிட்டா எப்பிடி இருக்கும்? ஆவி ஒரு சொட்டும் வெளியிலை போகாது. புட்டு நல்லா அவியும். ஆனா கழுவுறது எப்பிடி?"

சமையலறை யன்னலால் அக்காவின் குரல் வரும்: "அவியாத புட்டைத் தின்னுறதை விட, கழுவாத பானை பரவாயில்லை. ஏதோ ஒண்டை வாங்கித் துலையுங்கோ!"

"அப்பிடியும் ஒரு பக்கம் இருக்கு," என்பார் அண்ணை, மதிப்போடு.

இப்படி ஆராய்ச்சி நடந்த காலம் முழுக்க அவர் எதைப் பூட்டிக்கொண்டு சுட்டார் என்று கேட்கிறீர்களா? ஒன்றையும் பூட்டவில்லை. மொட்டைத் துவக்கு. காதுக்கு மூடி போடலாம்தானே என்றேன். அதிலும் இரண்டு பக்கம் இருந்தது. மூடினால் பற்றைக்குள் மான் அசைவது கேட்காது. மூடாவிட்டால் வெடி காதைப் பிளக்கும். ஆகவே ஒரு காதுக்கு மட்டும் பஞ்சு வைத்தார். துவக்குக்குக் கிட்ட இருப்பது வலது காது என்று கணக்குப் போட்டு வலதில் வைத்தார். பிறகு காது டொக்டர் சொல்லித்தான் தெரிந்தது: வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்குத் துவக்கின் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது இடது காதுதானாம். வாழ்க்கையில் மனிதர் ஒருமுறை ஒரு பக்கம் எடுத்தார். அதுவும் பிழையான பக்கம்.

அவருக்குக் காது மங்குகிறது என்பது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. சுவர் சொல்லியது. அவர்கள் வீட்டு ரீவியில் மாமியார் மருமகளைத் திட்டினால் என் அடுப்படியில் சட்டி அதிரும். பிறகு என் வீட்டில் ரீவி போடுவதையே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் ஓடுவதே போதுமாக இருந்தது.

அக்காவும் கவனித்திருந்தார். ஒருநாள் என் சமையலறைக்கு வந்து கதிரையில் இருந்து, வழக்கத்துக்கு மாறாக மெல்லக் கதைத்தார்.

"படுத்திருக்கேக்கை அந்தப் பக்கம் திரும்பினார் எண்டால் நான் கதைக்கிறது ஒண்டும் விளங்கேல்லை அவருக்கு. டொக்டரிட்டைப் போங்கோ எண்டு கெஞ்சிப்போட்டன். போனா காது சரியில்லை எண்டு எழுதிப்போடுவினம், கொம்பனிக்காரன் வேலையை விட்டு நிப்பாட்டுவான் எண்டுறார். போகாட்டிக் காது போயிடும். அதாலை ரெண்டு பக்கமும் இருக்காம்." மூக்கை உறிஞ்சினார். "எனக்கு அந்தாளின்ரை ரெண்டு பக்கமும் வேணும், பிள்ளை."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தான் பஸ் விவகாரம் வந்தது. அதற்கு முன்னால் ஒரு விளக்கம். வெளியில் போகும்போது துவக்கு, வெடி, சைலன்சர் என்ற சொற்களை வாயில் எடுக்கக் கூடாது என்று அக்கா கடுமையாகச் சொல்லியிருந்தார். மண்ணிறத்து மனிதர் ஒருவர் லண்டன் பஸ்ஸில் இருந்துகொண்டு சைலன்சரைப் பற்றிக் கதைத்தால் அடுத்த தரிப்பில் ஏறுவது பயணிகளாக இருக்காது. அண்ணை கீழ்ப்படிந்தார். மொடரேட்டர் என்ற சொல்லை அழகாகத் தமிழாக்கினார். மொடரேட்டர் என்றால் நடுவர்தானே? அன்றிலிருந்து துவக்கின் வாயில் பூட்டுகிற குழாய்க்கு நடுவர் என்று பெயர். அக்காவும் பழகிவிட்டார், நானும் பழகிவிட்டேன்.

லண்டனில் எங்கள் ஊர்க்காரர் நடத்துகிற சங்கத்தில் ஏற்கெனவே ஒரு நடுவர் இருந்தார் என்பது எங்கள் மூன்று பேரின் மூளையிலும் ஏறவில்லை. பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு அவர்தான் ஆண்டாண்டாக நடுவர். ஊரில் படிப்பித்தவர், எல்லோருக்கும் மாஸ்டர். நல்ல பாரமான உடம்பு. வயிறு அவருக்கு ஒரு அடி முன்னால் மேடை ஏறும். தலைப்பு எதுவானாலும் கடைசியில் "இரண்டும் இரண்டு கண்கள்" என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு இறங்குவார். சங்கத்தில் அவரை நிரந்தர நடுவர் என்றே அழைப்பார்கள்.

பார்க்கிங்கில் இருந்து வருகிற பஸ்ஸில் ஒரு பின்னேரம் அண்ணை சுவிஸில் இருக்கிற கூட்டாளியோடு போனில் கதைத்தார். காது மங்கிய ஆட்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பஸ்ஸின் கீழ்த்தட்டு முழுக்கக் கேட்டிருக்கிறது. முன் இருக்கையில் மரக்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் மனைவி இருந்திருக்கிறார். அவர் கேட்டது இது:

"இல்லை மச்சான், நிரந்தர நடுவர் எண்டால் பெரிய கரைச்சல். உள்ளுக்கை முழுக்க அழுக்கு, வெளியிலை தெரியாது. கழுவேலாது. ஓம், ஓம், துருப்பிடிச்சுப் போகும். பாரமும் கூட, முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கும். கழட்டுற நடுவர் எண்டால், சரியில்லாட்டிக் கழட்டி எறிஞ்சுபோட்டுப் புதுசு பூட்டலாம். நிரந்தரத்தை வெட்டித்தான் எடுக்கவேணும். ஓமோம், நல்லாத் தெரிஞ்ச ஆளைக்கொண்டு வெட்டவேணும்."

மாஸ்டரின் மனைவி தன் தரிப்புக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

அன்று மாலையே சுவரில் மூன்று தட்டு. அக்கா என்னைக் கூப்பிடுகிற விதம் அது. நான் போனபோது மாஸ்டர் சங்கத் தலைவரோடு வந்து கம்பளப் பாதியில் நின்றார். அண்ணை பலகைப் பாதியில் நின்றார்.

"ஐசே, நான் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்கிறனோ?" என்றார் மாஸ்டர். கேட்கத் தேவையில்லாத கேள்வி. "எனக்குத் துருப்பிடிச்சிட்டுதோ? என்னை வெட்டவேணும் எண்டு சொன்னீராம். ஆர் வெட்டுறது? பேரைச் சொல்லும்!"

அண்ணைக்குப் பாதி கேட்டது. "அது, வெட்டுறதெண்டால் மாஸ்டர், கென்ற் பக்கம் ஒரு வெள்ளைக்காரன் நல்லா வெட்டுவான்," என்றார்.

தலைவர் கதவுப் பக்கமாக ஓர் அடி வைத்தார். அக்கா இடையில் பாய்ந்தார். "ஐயோ மாஸ்டர், இவர் உங்களைச் சொல்லேல்லை! இவர் சொன்னது துவக்கிலை பூட்டுற நடுவரை!"

"துவக்கோ?" என்றார் மாஸ்டர். முகம் வெளிறிவிட்டது. "வெட்டுறதெண்டும் சொல்லிப்போட்டு, இப்ப துவக்கும் இருக்கோ?"

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சிரிப்பை அடக்கியதில் நான்கு கோப்பையும் தட்டில் தாளம் போட்டன. நாங்கள் விளக்கம் சொல்லச் சொல்ல விசயம் மோசமானது. கடைசியில் மாஸ்டர் பொறுமை இழந்தார். "எனக்கு இந்தப் பதவி வேண்டாம். நீரே இந்த முறை நடுவரா இரும். இருந்து பாரும், அப்பத் தெரியும்!" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவர் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சங்கம் கூடி யோசித்தது. யோசிக்க யோசிக்க அண்ணை அவர்களுக்குப் பிடித்துக்கொண்டார். பட்டிமன்ற நடுவருக்கு வேண்டிய தகுதி என்ன? இரண்டு பக்கமும் சரி என்று சொல்ல வேண்டும். இந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்கிறார்? இப்படி ஒரு திறமை இல்ஃபோர்டில் சும்மா கிடந்ததே என்று தலைவர் கவலைப்பட்டார். அண்ணையிடம் கேட்டார்கள். அதிலும் இரண்டு பக்கமும் இருப்பதாக அவர் சொல்லத் தொடங்க, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தலைப்பு: குடும்பம் கரை சேர்வது கணவனின் நிதானத்தாலா, மனைவியின் துணிவாலா? துணிவுப் பக்கத்தில் பேச யார் என்று கேட்டபோது அக்கா கையைத் தூக்கினார். அவருக்கு மேடை ஆசை ஒன்றும் இல்லை. "வீட்டிலை கேக்கிறாரில்லை. சனத்துக்கு முன்னாலை சொன்னா மறுமொழி சொல்லத்தானே வேணும்?" என்று என்னிடம் சொன்னார். டொக்டரிடம் போவதாக அந்த மேடையில் வைத்தே அவரை வாய்விட்டுச் சொல்ல வைப்பது என்ற முடிவோடுதான் ஏறினார்.

விழா பார்க்கிங்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நடுவில் அண்ணை. அவருடைய வலது கைப் பக்கம் நிதானக்காரர், இடது கைப் பக்கம் துணிவுக்காரர். நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், மண்டபத்துக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் வந்து, அயலில் இருந்து சத்தம் என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்று சொல்லி ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார். இனி வெறும் தொண்டையால்தான் பேச வேண்டும். கீழே பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். பின்பக்கம் வடைக்கு வரிசை நின்றது.

நிதானக்காரர் பேசினார்கள். யாருடைய பெயரும் நினைவில் வைக்கத் தேவையில்லாத பேச்சு. பிறகு அக்கா எழுந்தார். நான் நிறையப் பட்டிமன்றம் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்று விடவில்லை.

"நடுவர் அவர்களே! நிதானம் நல்லதுதான். நாங்கள் புட்டு அவிக்கேக்கையும் நிதானமாத்தான் அவிக்கிறம். ஆனா அடுப்பைப் பத்த வைக்கிறதோ விடுறதோ எண்டு நிதானிச்சா வீட்டிலை எல்லாரும் பட்டினி!" மண்டபம் சிரித்தது. பிள்ளைகள்கூட ஓடுவதை நிறுத்திப் பார்த்தார்கள். அக்கா அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு தகப்பனுக்குக் காது கேக்குதில்லை. பெஞ்சாதி டொக்டரிட்டைப் போங்கோ எண்டுறாள். ரெண்டு பக்கமும் இருக்கு எண்டுறார். அந்தாளின்ரை காது போனா, நாளைக்கு அந்தப் பெஞ்சாதி ஆரோடை கதைக்கிறது? சுவரோடையோ? நடுவர் அவர்களே, நீங்கள் இந்த மேடையிலையே சொல்லுங்கோ. அந்த மனுசன் டொக்டரிட்டைப் போறதோ, இல்லையோ?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன் வரிசையில் இருந்த மாஸ்டர்கூடத் தன்னை அறியாமல் தட்டினார். அண்ணை அக்காவைப் பார்த்துப் புன்னகை செய்தார், நன்றாகத் தலையாட்டினார். அக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வென்றுவிட்டேன் என்று தூரத்தில் இருந்து எனக்குக் கண்ணால் சொன்னார்.

அண்ணை தீர்ப்புச் சொல்ல எழுந்தார். "இரண்டும் இரண்டு கண்கள்" என்றதும் தட்ட எல்லோரும் கைகளைத் தயாராக வைத்திருந்தோம்.

"வழமையா நான் ரெண்டு பக்கமும் இருக்கு எண்டு சொல்லுறனான். உங்களுக்குத் தெரியும்," என்றார். சனம் சிரித்தது. "ஆனா இண்டைக்கு ஒரு பக்கம்தான் இருக்கு." தன் வலது கையை நீட்டினார். "நிதானக்காரர் வடிவாச் சொன்னவை. மற்றப் பக்கம் வாயை வாயைத் திறந்தவை, ஆனா ஒரு பொயிண்டும் வரேல்லை. தீர்ப்பு, நிதானம்."

மண்டபம் கூரை பறக்கச் சிரித்தது. பெண்சாதியை வைத்துக்கொண்டே இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று ஆண்கள் விசிலடித்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக மனிதர் தெளிவான முடிவு ஒன்று சொன்ன மகிழ்ச்சியில் தலைவர் ஓடிவந்து பொன்னாடை போர்த்தினார். அடுத்த வருடத்துக்கும் நீங்கள்தான் என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, "இஞ்சேருங்கோ," என்றார். அவர் பொன்னாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்சேருங்கோ," என்றார் மறுபடி, இன்னும் கிட்டப் போய். அவர் திரும்பவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அது என்னவென்று விளங்கியது அக்காவுக்கும் கீழே நின்ற எனக்கும்தான்.

அடுத்த நாளே அக்கா அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். இடது காது போய்விட்டது, இனித் திரும்பாது என்றார்கள். வலதைக் கவனமாக வைத்திருக்கச் சொன்னார்கள். கொம்பனிக்காரன் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அப்படி ஒரு எண்ணமே அவனுக்கு வந்ததில்லையாம். அந்தப் பக்கம் இருந்தது அண்ணையின் தலைக்குள் மட்டும்தான்.

எந்த நடுவர் என்ற கேள்விக்கும் அக்காவே முடிவு சொன்னார். நிரந்தரம். துரு, கரி, பாரம் என்று அண்ணை ஏதோ தொடங்கினார்.

"கழட்டுறது எண்டால் நீங்கள் ஒவ்வொரு நாளும் பூட்டுறதோ விடுறதோ எண்டு நிண்டு யோசிப்பியள்," என்றார் அக்கா. "அது அங்கையே கிடக்கட்டும்."

அந்தச் சாமானைப் பற்றி இவ்வளவு காலமும் ஆராய்ச்சி செய்த மனிதருக்கு இந்த ஒரு காரணம் மட்டும் எப்படித் தோன்றாமல் போனது என்று நான் பிறகு யோசித்திருக்கிறேன்.

புதுத் துவக்கு வந்ததும் அதைப் பரீட்சித்துப் பார்க்க எசெக்ஸில் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அக்கா வரவேண்டும் என்று நின்றார். கார் என்னுடையதாக இருந்ததால் நானும். அறுத்த வயலில் கடதாசிக் குறி ஒன்றை நட்டுவிட்டு, எங்களைத் தனக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் அண்ணை. வலது காதில் பஞ்சை நன்றாக அமத்தினார். படுத்தார். சுட்டார். யாரோ பலமாக ஒருமுறை கை தட்டியது போல இருந்தது. தூரத்தில் வேலிக் காகங்கள் எழும்பி, பெரிதாக ஒன்றும் இல்லை என்று திரும்பி இருந்தன.

அண்ணை எழுந்து பஞ்சை எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"சத்தம் கேட்டுதே, தங்கச்சி?"

"கேட்டுது அண்ணை. கொஞ்சம்தான்."

"எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை! அருமையான சாமான்."

நல்ல காதில் பஞ்சு, மற்றதில் ஒன்றுமே இல்லை. பீரங்கி வெடித்திருந்தாலும் அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். இடது பக்கத்தில் நின்ற அக்கா, வயலைப் பார்த்துக்கொண்டு, "இதை முதலே பூட்டியிருக்கலாம்," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். அண்ணை துவக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா வயல் கட்டிகளில் கால் இடறாமல் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, அவரைச் சுற்றி நடந்து வலது பக்கத்துக்கு வந்தார். அதே வசனத்தைத்தான் திரும்பச் சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"தேத்தண்ணி குடிப்பமே?" என்றார்.

"ஓம்," என்றார் அண்ணை, உடனே.